மூன்று கோடுகள்

அப்பா மாரடைப்பில் போனபோது அவருக்கு வயது 51. அதற்கு அடுத்த வருடம், ஆன்லைனில் வாங்கிய ஏடி8232 ஈசிஜி பலகையை ஆர்டினோவோடு இணைத்து, உடம்பில் மூன்று எலக்ட்ரோடுகளை ஒட்டிக்கொண்டு மதுரை வீட்டு மாடியில் உட்கார்ந்தேன். (லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டுத்தான். உடம்பில் வயர் இருக்கும்போது பிளக் பக்கமே போகக் கூடாது.) துடிப்புகள் சீராக வரவில்லை. சில நெருக்கமாக, சில தள்ளித் தள்ளி. அன்றிரவு தூக்கமில்லை. மறுநாள் டாக்டர் சோதித்துவிட்டு, "மூச்சோட சேர்ந்து மாறுது தம்பி, உங்க வயசுல சகஜம்" என்று அனுப்பிவிட்டார்.

எனக்கு அது போதவில்லை, கண்ணால் பார்க்க வேண்டும். இழுத்தால் மின்தடை கூடுகிற ஒரு ரப்பர் கயிறு இருக்கிறது. அதை எலாஸ்டிக் பட்டையில் தைக்க, புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையல்காரர் ஒருவரிடம் போனேன்.

"எதுக்குத் தம்பி, இடுப்புக்கா?"

"நெஞ்சுக்குண்ணே. மூச்சை அளக்க."

அவர் சிரிக்கவில்லை. கூடுதலாக ரெண்டு கொக்கி வைத்துக் கொடுத்தார்.

துடிப்புக்கோட்டுக்குக் கீழே மூச்சுக்கோடும் ஓடத் தொடங்கியதும் விஷயம் புரிந்தது. மூச்சை இழுக்கும்போது துடிப்புகள் நெருங்குகின்றன, விடும்போது விலகுகின்றன. 1847இல் ஜெர்மானியர் கார்ல் லுட்விக் தன் சுழலும் உருளையில் பதிவுசெய்து சொன்னது இதைத்தான். பட்டையும் புதிதில்லை. பிரான்சில் மாரே 19ஆம் நூற்றாண்டிலேயே நெஞ்சில் கட்டும் நியூமோகிராஃப் செய்துவிட்டார்.

இப்படித் தேடிக்கொண்டே போனபோதுதான் தெரேஸ் ப்ரோஸ் என்ற பிரெஞ்சு இதய மருத்துவர் கிடைத்தார். 1935இல், தூக்கிச் செல்லக்கூடிய ஈசிஜி கருவியோடு இந்தியாவுக்கு வந்தவர். யோகிகளின் நாடி, மூச்சு, ஈசிஜி மூன்றையும் ஒரே நேரத்தில் பதிவுசெய்தார். நான் மாடியில் செய்ததை 1935இல்! அவர் பதிவுசெய்தவர்களில் ஒருவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். மைசூர் அரண்மனை ஆதரவில் யோகசாலை நடத்தியவர், பி.கே.எஸ். ஐயங்காரின் குரு. மூச்சை அடக்கியபோது ஈசிஜி அலை ஏறக்குறைய ஒன்றுமில்லாத அளவுக்குச் சுருங்கியது. மனஉறுதியால் இதயத்தைக் கட்டுப்படுத்த முடியும் என்பதற்கு அதையே சான்றாக எடுத்துக்கொண்டார் ப்ரோஸ். யோகி இதயத்தை நிறுத்துவார் என்ற கதைக்கு அறிவியல் முத்திரை கிடைத்துவிட்டது.

1957இல் அமெரிக்காவிலிருந்து வெங்கரும் பாக்சியும் கருவிகளோடு வந்தார்கள். டெல்லி எய்ம்ஸின் பி.கே. ஆனந்த் சேர்ந்துகொண்டார். கிருஷ்ணமாச்சாரியார் அப்போது சென்னைவாசி, எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். அவரையும் வேறு சிலரையும் பதிவுசெய்து, 1961இல் 'சர்க்குலேஷன்' இதழில் எழுதினார்கள்: யாருடைய இதயமும் நிற்கவில்லை. மூச்சை அடக்கி நெஞ்சையும் வயிற்றையும் இறுக்கும்போது உள்ளழுத்தம் ஏறுகிறது, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. மணிக்கட்டில் நாடி மறைகிறது, ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் கேட்பதில்லை. ஈசிஜி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. ப்ரோஸின் பதிவு ஏன் சுருங்கியது? அவர் வைத்திருந்தது ஒரே லீடு, அதாவது இதயத்தை ஒரே கோணத்திலிருந்து பார்க்கும் கண். நெஞ்சு உப்பி இதயம் சற்றுத் திரும்பினால் அந்தக் கோணத்தில் அலை சிறுத்துத் தெரியும்.

ப்ரோஸைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை. மூச்சுக்கோட்டையும் எடுத்து வைத்தவர் அவர்தானே. விடை அவருடைய தாளிலேயே இருந்தது, இரண்டாவது கோட்டில். கிருஷ்ணமாச்சாரியாரின் மூச்சுப் பயிற்சியும் இதனால் சிறுத்துவிடவில்லை. நாடி மறையுமளவுக்கு நெஞ்சை ஆள்வது சாதாரண வேலையா என்ன!

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்தி, "அப்பாவுக்கு இதப் போட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமாடா?" என்றாள்.

என் பலகையிலும் ஒரே லீடுதான். "இதுல தெரிஞ்சிருக்காதும்மா" என்றேன்.

கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பட்டையை எடுத்துத் தனக்குக் கட்டிவிடச் சொன்னாள். தையல்காரர் வைத்த கடைசிக் கொக்கி அம்மாவுக்குச் சரியாக இருந்தது.