ஓதலும் ஏடும்: தொல்பழங் குர்ஆன் சுவடிகள் குறித்து இரு இந்திய முஸ்லிம் அறிஞர்களின் ஆய்வுநெறி

சேலம், நாமக்கல் வட்டாரப் பள்ளிவாசல்களை ஒட்டிய மதரஸாக்களில் இன்றும் ஒரு சிறுவன் குர்ஆனை உஸ்தாதின் வாய்வழியாகவே பெறுகிறான். அச்சிட்ட பிரதி முன்னால் விரிந்திருப்பினும் பிழையைக் கண்டு திருத்துவது உஸ்தாதின் செவியே. ஓதல் முதன்மையானது, எழுத்து அதற்குத் துணை என்னும் இக்கொள்கை இஸ்லாமிய மரபின் அடித்தளம். அவ்வாறெனின், ஹிஜ்ரி முதல் நூற்றாண்டைச் சார்ந்த தோல் ஏடுகள் எதற்குச் சான்றாகும்? இருபதாம் நூற்றாண்டில் இவ்வினாவை எதிர்கொண்ட முஸ்லிம் அறிஞர்களுள் இருவர் இந்தியாவில் பிறந்தவர்கள்: ஐதராபாத்தின் முஹம்மது ஹமீதுல்லாஹ் (1908–2002), உத்தரப்பிரதேசத்து மவூ நகரின் முஹம்மது முஸ்தஃபா அல்-அஃளமி (மறைவு 2017).

ஹமீதுல்லாஹ்வின் மூதாதையர் ஆர்க்காட்டிலும் சென்னையிலும் வாழ்ந்த நவாயத் அறிஞர் குடும்பத்தினர். சுவடி சேர்த்தல் அக்குடும்பத்தின் மரபு. உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் பயின்ற அவர் பான், பாரிசு ஆகிய நகரங்களில் முனைவர் பட்டங்கள் பெற்றார். 1948இல் ஐதராபாத் அரசு மறைந்தபின் பாரிசிலேயே தங்கினார். பெர்லினிலும் திமிஷ்கிலும் இருந்த படிகளைக் கொண்டு ஹம்மாம் இப்னு முனப்பிஹின் ஹதீஸ் தொகுப்பை 1953இல் பதிப்பித்ததே அவருக்குப் பெரும் பெயர் தேடித்தந்தது. குர்ஆன் சுவடியியலில் அவருடைய குறிப்பிடத்தக்க பணி, தாஷ்கந்துச் சுவடியின் படிமப் பதிப்பை 1981இல் மீண்டும் வெளிக்கொணர்ந்தது. இதன் மூலப்படிமத்தை 1905இல் பிசாரெவ் ஐம்பது படிகளே அச்சிட்டார். அதற்காக மங்கிய எழுத்துகளின்மீது மை தீட்டியதில் சில பிழைகளும் புகுந்தன. எனவே எழுத்தமைதி ஆய்வுக்கு இப்பதிப்பை எச்சரிக்கையோடே கையாள வேண்டும். ஆயினும் சில நூலகங்களுக்குள் அடைபட்டிருந்த ஒன்றைப் பொது ஆய்வுக்கு உரியதாக்கிய செயல் சிறிதன்று.

அவருடைய மற்றொரு கூற்றே இதைவிட மிகுதியாகப் பரவியது. 1980இல் பஹாவல்பூர்ச் சொற்பொழிவுகளில், மூனிச் பல்கலைக்கழக நிறுவனமொன்று நாற்பத்திரண்டாயிரம் குர்ஆன் பிரதிகளைத் திரட்டி ஒப்பிட்டதாகவும், எழுதியோரின் கைப்பிழைகளன்றி உண்மையான பாடவேறுபாடு காணப்படவில்லை என்று இடைக்கால அறிக்கை கூறியதாகவும், உலகப்போரின் குண்டுவீச்சில் அனைத்தும் அழிந்ததாகவும் அவர் எடுத்துரைத்தார். அந்நிறுவனத்தின் ஒட்டோ பிரெட்சலைப் பாரிசில் தாம் நேரில் சந்தித்ததையும் சொன்னார். மூனிச்சில் அத்தகைய முயற்சி நடந்தது உண்மை. கோட்ஹெல்ஃப் பெர்க்ஷ்ட்ரேசரும் (மறைவு 1933) பிரெட்சலும் (மறைவு 1941) தொன்மையான சுவடிகளை ஒளிப்படமெடுத்தனர். ஆனால் 1944இல் அழிந்ததாக நம்பப்பட்ட அப்படச்சுருள்கள், ஏறத்தாழ 450, அழியவில்லை. அன்டோன் ஸ்பிட்டாலரின் பொறுப்பில் பல்லாண்டு வெளியுலகறியாது கிடந்து, பின்னர் அங்கெலிகா நொய்வர்த்தின் கைக்கு வந்தன. 2007இல் பெர்லினில் தொடங்கிய 'கார்ப்பஸ் கொரானிக்கம்' திட்டத்துக்கு அவை மூலவளமாயின. அழிந்துபோன ஆவணத்தின்மீது நிறுத்தப்பட்ட எண்ணிக்கையை எவரும் சரிபார்க்க இயலாது. இன்றும் அவ்வெண்ணை அப்படியே எடுத்தாளும் கட்டுரைகள் இதைக் கருத்தில் கொள்வதில்லை.

அஃளமி வேறு பாங்கினர். தேவ்பந்த், அல்-அஸ்ஹர், கேம்பிரிட்ஜ் ஆகிய மூவிடங்களிலும் பயின்றவர். ஜோசப் ஷாக்தின் ஹதீஸ் கொள்கைகளை மறுத்து எழுதியவர். 1980இல் ஃபைசல் மன்னர் பரிசு பெற்றவர். 1972இல் யமனின் சன்ஆப் பெரிய பள்ளிவாசலில் கிடைத்த ஏடுகளைப் பற்றி 1999 ஜனவரியில் 'அட்லாண்டிக்' இதழில் டோபி லெஸ்டர் எழுதிய கட்டுரை அவரைக் குர்ஆன் பாட வரலாற்றின்பால் திருப்பியது. 2003இல் வெளிவந்த அவருடைய நூல், உஸ்மானிய எழுத்துச் சட்டகத்தோடு பொருந்தாத ஏடு எதுவாயினும் குர்ஆனாகக் கொள்ளத்தக்கதன்று என்ற விதியை முன்வைக்கிறது. ஓதல் மரபின் உள்ளிருந்து நோக்கின் இவ்விதி இயல்பானதே; தொடர்ச்சியான ஓதலுக்கு மாறான தனி ஏடு எதையும் மரபு ஏற்பதில்லை. ஆய்வுநெறியாகக் கொள்ளும்போதுதான் இடர் எழுகிறது. முரணும் ஏடு விதியாலேயே வெளியேற்றப்படுமாயின், எஞ்சிய ஏடுகளின் ஒற்றுமை எதையும் மெய்ப்பிப்பதில்லை. மறுத்துரைக்கும் உரிமையற்ற சாட்சி ஆதரித்துரைத்தும் பயனில்லை.

அஃளமியின் இறுதிக்காலப் பணி இவ்விதியைக் கடந்து செல்கிறது என்பதே இங்குச் சிறப்பாகக் கருதத்தக்கது. 2017இல் வெளிவந்த அவருடைய நூல் பதினேழாம் அத்தியாயமாகிய அல்-இஸ்ராவின் 111 வசனங்களைப் பதினான்கு நூற்றாண்டுகளுக்குரிய பத்தொன்பது சுவடிகளில் வைத்துச் சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுக் காட்டுகிறது. நாற்பத்திரண்டாயிரத்தினும் இப்பத்தொன்பதே வலிய சான்று. ஐயுறுவோன் தன் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம்.

அவ்வத்தியாயத்தின் 93ஆம் வசனம் நல்ல எடுத்துக்காட்டு. பரவலான ஓதலில் 'குல்' (கூறுவீராக) என்றுள்ள சொல், இப்னு கஸீர், இப்னு ஆமிர் ஆகியோரின் ஓதல்களில் 'கால' (கூறினார்) என்று வரும். மக்கா, சிரியப் பிரதிகளில் அது அலிஃபுடன் எழுதப்பட்டிருந்ததாக மரபு நூல்களே பதிவு செய்கின்றன. ஆனால் மிகத் தொன்மையான ஏடுகளில் 'கால' என்பது அலிஃப் இன்றியும் எழுதப்படுவதால் இரு சொற்களும் ஒரே வடிவில் நிற்கக்கூடும். ஏடு முடிவு சொல்லாத இவ்விடத்தில் ஓதுவோரின் நினைவே பேசுகிறது. புள்ளியிடாத, எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடாத, காலும் ரகரமும் ஒத்துத் தோன்றும் ஓலைச்சுவடிகளோடு பழகிய தமிழ்ப் பதிப்பாளருக்கு இந்நிலை புதிதன்று. சங்க நூல்களைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் யாப்பையும் உரையையும் துணைகொண்டு பாடம் தெளிந்தார். குர்ஆனுக்கு அவ்விடத்தில் அறுபடாத ஓதல் இருந்தது. ஏடு குறையுடையதாதல் பாடம் குறையுடையதாதல் ஆகாது என்ற அஃளமியின் வாதத்தில் மிக உறுதியான பகுதி இதுவே.

எனினும் சன்ஆவின் அழித்தெழுதப்பட்ட சுவடியை எழுத்துமுறை வேறுபாட்டால் மட்டும் விளக்கிவிட இயலாது. அதன் மேலெழுத்து உஸ்மானியப் பாடம். அழிக்கப்பட்ட கீழெழுத்திலோ சொற்களும் சொற்றொடர்களும் வேறுபடுகின்றன. இக்கீழெழுத்தைப் பெஹ்னாம் சாதிகியும் மொஹ்ஸென் கூதர்ஸியும் 2012இல் படித்து வெளியிட்டு, நபித்தோழர் ஒருவரின் பிரதி மரபைச் சார்ந்தது என வாதிட்டனர். 2017இல் அஸ்மா ஹிலாலி, அது முழுமையான முஸ்ஹஃபன்று, கற்றல் சூழலில் எழுந்த பயிற்சி எழுத்து என்றார். இவ்விரு முடிவுகளும் ஏட்டின் வரிகளை ஊன்றிப் படித்ததால் பிறந்தவை. குர்ஆனன்று என்று ஏட்டை முன்கூட்டியே ஒதுக்கியிருப்பின் அவ்விவாதமே நிகழ்ந்திராது. தோழர்களின் பிரதிகளில் வேறுபாடுகள் இருந்தமையை இப்னு அபீதாவூதின் 'கிதாபுல் மஸாஹிஃப்' பத்தாம் நூற்றாண்டிலேயே தயக்கமின்றித் தொகுத்துள்ளதும் நினைக்கத்தக்கது.

இதே காலத்தில் துருக்கியின் முன்னாள் சமய விவகாரத் தலைவர் தயார் அல்திகுலாச், உஸ்மான் கலீஃபாவுக்குரியதெனப் போற்றப்பட்ட தொப்காபிப் பிரதியை 2007இல் படிமப் பதிப்பாக வெளியிட்டார். எழுத்துமுறையையும் அச்சுப் பாடத்தோடுள்ள வேறுபாடுகளையும் ஆராய்ந்தபின், அது கலீஃபா கையாண்ட பிரதியோ அவர் நகரங்களுக்கு அனுப்பியவற்றுள் ஒன்றோ அன்று எனத் தம் முன்னுரையிலேயே எழுதினார். தாஷ்கந்துச் சுவடியைப் பற்றியும் அவர் கொண்ட முடிவு அதுவே.