நிலாவைப் பார்த்து நட்ட கிழங்கு

கார்த்திகை நட்சத்திரம் நம்ம எல்லாருக்கும் தெரியும். முருகனை வளர்த்த ஆறு பெண்கள் என்று கதை சொல்வோம். அதே நட்சத்திரக் கூட்டத்தை நியூசிலாந்தின் ஆதிகுடிகளான மவோரி மக்கள் 'மதாரிக்கி' என்கிறார்கள். ஒரு தாயும் அவள் பெண்பிள்ளைகளும் என்று அங்கேயும் ஒரு கதை உண்டு.

சுமார் 700 வருஷத்துக்கு முன்னால் வெயில் மிகுந்த தீவுகளிலிருந்து படகில் வந்து குடியேறியவர்கள் இவர்கள். வரும்போது சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் கொண்டுவந்தார்கள். புது நாட்டிலோ குளிர் அதிகம். காலம் தவறி நட்டால் கிழங்கு கிடைக்காது. அதனால் தாங்கள் அறிந்திருந்த நிலாக் கணக்கை அந்த மண்ணுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டார்கள். அதற்குப் பெயர் 'மரமதாக்க'.

நாம் திதிக்குப் பெயர் வைத்த மாதிரி, அவர்கள் மாதத்தின் ஒவ்வொரு இரவுக்கும் பெயர் வைத்தார்கள். மீன் பிடிக்க 'தங்காரோவா' இரவுகள் நல்லவை. வசந்தத்தில் ஒரு குயில் கூவினால் கிழங்கு நடும் காலம். கடலோர மரத்தில் சிவப்புப் பூ பூத்தால் கடல்முள்ளி கொழுத்துவிட்டது என்று அர்த்தம். அங்கே ஜூன், ஜூலை குளிர்காலம். அப்போது விடியலுக்கு முன் மதாரிக்கி மறுபடி தெரிந்தால் புது வருஷம். அந்த வருஷம் இறந்தவர்களின் பெயரைச் சொல்லி அழுது, பிறகு விருந்து வைப்பார்கள்.

வெள்ளைக்காரர் ஆட்சியில் இதற்கு ஆபத்து வந்தது. 1867 சட்டத்துக்குப் பிறகு மவோரிப் பிள்ளைகளின் பள்ளிகளில் ஆங்கிலம்தான். 1907-ல் அவர்களின் பாரம்பரிய அறிவாளிகளை ஒடுக்கவே ஒரு சட்டம் போட்டார்கள். அது நீக்கப்பட்டது 1962-ல்தான். இரவுகளின் பெயரெல்லாம் மவோரி மொழியில் இருக்கும்போது, மொழி போனால் கணக்கும் போய்விடும் இல்லையா? ஆனாலும் மீன் பிடிக்கிற, தோட்டம் போடுகிற குடும்பங்கள் சில இடங்களில் அதை விடாமல் காப்பாற்றினார்கள்.

1972-ல் ஹானா தே ஹெமாரா என்ற பெண்ணும் அவர் கூட்டாளிகளும், பள்ளியில் மவோரி மொழி வேண்டும் என்று 30,000-க்கும் மேற்பட்ட கையெழுத்து வாங்கி நாடாளுமன்றத்தில் கொடுத்தார்கள். 1987-ல் அது ஆட்சிமொழியானது. 2022-ல் மதாரிக்கிக்கு அரசு விடுமுறை கிடைத்தது. முதல் விடுமுறை ஜூன் 24, அடுத்த வருஷம் ஜூலை 14. நிலாவைப் பார்த்து நாள் குறிப்பதால்தான் தேதி மாறுகிறது. ஒரு காலத்தில் ஒதுக்கிய கணக்கை இன்று அரசாங்கமே பின்பற்றுகிறது.

நம்ம ஊர் பாட்டிமாருக்கும் எந்தப் பட்டத்தில் எதை விதைக்கணும், எந்தக் காற்றுக்கு மழை வரும் என்று தெரியும். குழுக் கூட்டத்தில் வரவு செலவு எழுதுகிற நாம், ஒரு நோட்டில் அதையும் கேட்டு எழுதி வைப்போம்.