சிறுவாடு

சிறுவாடு என்றதும் பலருக்கும் கடுகு டப்பாதான் நினைவுக்கு வருகிறது. கணவன் சம்பளத்தில் கொஞ்சம் கிள்ளி, அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைக்கும் பணம். பத்திரிகைத் துணுக்குகளும் சினிமாவும் சேர்ந்து செய்த வேலை இது. மாதச் சம்பளம் வரும் வீட்டுக்கு வேண்டுமானால் அந்தச் சித்திரம் பொருந்தும். காட்டிலும் தோட்டத்திலும் உழன்ற குடியானவப் பெண்ணின் சிறுவாடு வேறு. அது அடுத்தவர் வருமானத்தில் கிள்ளியது அல்ல. சொல்லைப் பிரித்துப் பார்த்தாலே அது தெரிந்துவிடும்.

சிறு, பாடு. இவ்விரண்டும் சேர்ந்தது சிறுபாடு. அதுவே பேச்சில் சிறுவாடு ஆயிற்று. ‘சிறு’ என்பதற்குப் பின் வரும் வல்லினம் இரட்டிப்பதில்லை. சிறுகதை, சிறுபிள்ளை, சிறுபாணன் எல்லாம் அப்படித்தான். இரட்டிக்காத பகரம் இரண்டு உயிர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் வகரமாக இளகிவிடுவது தமிழில் புதிதல்ல. அளபு என்றிருந்ததுதான் இன்றைய அளவு. பழைய வடிவம் அளபெடை என்ற இலக்கணச் சொல்லில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வழிபாடு மட்டும் ஏன் இளகவில்லை என்று கேட்கலாம். அது ஏட்டிலும் கோயிலிலும் வாழ்ந்த சொல், எழுத்து அதைக் காப்பாற்றியது. இதுவோ அடுப்படியில் தாழ்ந்த குரலில் புழங்கியது. வாடுதல் என்ற வினையோடு முடிச்சுப் போட்டு, வயிறு வாடச் சேர்த்தது என்று உருக்கமாக விளக்கம் சொல்ல ஆசை வரும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

‘பாடு’தான் இதில் கெட்டிக்காரச் சொல். பாடுபட்டான் என்றால் உழைப்பு. அவன் பாடு திண்டாட்டம் என்றால் நிலைமை. கடற்கரையில் இன்றைக்குப் பாடு எப்படி என்று கேட்டால் வலையில் விழுந்த மீனைப் பற்றிய கேள்வி. உழைப்பும் அந்த உழைப்பில் கிடைத்ததும் ஒரே சொல்லுக்குள் அடக்கம். ஆக, சிறுபாடு என்பது ஒருத்தி தன் கையால் பாடுபட்டுப் பெற்ற சிறு வரும்படி. சேமிப்பு என்ற பொருள் அதன்மேல் பிறகு ஏறியதாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த வரும்படி எங்கிருந்து வந்தது? மோர், நெய், முட்டை, வரட்டி, புளி, மழைக்காலத்துக்கு முன் பொறுக்கிய வேப்பங்கொட்டை, வேலியோரத்து ஆமணக்கு. வெள்ளாமைக் கணக்கில் ஆண்கள் சேர்க்காத சரக்குகள் இவை. நெல்லும் மஞ்சளும் கரும்பும் விற்ற பணம் ஆண் கைக்குப் போகும். தொழுவமும் கொல்லையும் கோழிக்கூடும் கொடுப்பது அவள் கைக்கு. எழுதாத பாகப்பிரிவினை.

வழக்கம் பழையது. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஓர் ஆயர் பெண்ணைக் காட்டுகிறார். விடியற்காலையில் தயிர் கடைந்து, மோரைத் தலையில் சுமந்து போய் விற்று, அதற்கு வந்ததில் சுற்றத்துக்கெல்லாம் சோறு போடுகிறாள். நெய்யை மட்டும் தனிக் கணக்காக வைத்திருக்கிறாள். நெய் விலைக்குப் பொன் கொடுத்தால் வாங்குவதில்லை. எருமையும் பசுவும் கன்றுமாகக் கேட்டு வாங்குகிறாள். சிறுவாடு என்ற சொல் அந்தப் பாட்டில் இல்லை. ஆனால் மோர்க் காசு குடும்பத்துக்கு, நெய்க் காசு முதலுக்கு என்று அவள் பிரித்த பிரிப்பில் முழுச் சிறுவாடும் இருக்கிறது. கொங்கு நாட்டில் பெண்கள் சேர்த்த பணத்துக்கு வெள்ளாடு வாங்கி, அதை இன்னொருத்தியிடம் வாரத்துக்கு விட்டு, பிறக்கும் குட்டிகளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வதும் இதே வழிதான். ஆடு பெருகும், ரூபாய் நோட்டு பெருகுமா?

சரி, ஏன் ஒளிக்க வேண்டும்? பட்டாவில் அவள் பெயர் இல்லை. 1937-ஆம் ஆண்டுச் சட்டம் விதவைக்குத் தந்ததும் ஆயுட்கால அனுபவ உரிமை மட்டுமே. 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவுதான் அவள் கையில் உள்ள சொத்துக்கு அவளை முழு உரிமையாளர் ஆக்கியது. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு தமிழ்நாட்டில் 1989-இல் வந்தது. யாழ்ப்பாணத்துத் தமிழர் இதில் கொஞ்சம் முந்திக்கொண்டார்கள். ஒல்லாந்தர் காலத்தில், 1707-இல் தொகுக்கப்பட்ட தேசவழமை, பரம்பரையில் வந்த முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்தை வகை பிரித்தே எழுதிவைத்தது. மணவாழ்க்கையில் இருவரும் சேர்த்தது தேடிய தேட்டம். நமக்கு அப்படி ஒரு வரி கிடையாது. உரிமை எழுதப்படாத இடத்தில் பணத்துக்கு மறைவிடம்தான் பத்திரம்.

எங்கள் அம்மிச்சியின், அதாவது அம்மாவைப் பெற்றவரின், மறைவிடம் துவரை போட்டு வைத்த மண்பானை. பழைய வேட்டிக் கிழிசலில் நோட்டுகளைச் சுருட்டி, நூலால் கட்டி, பருப்புக்குள் கையை முழங்கை வரை விட்டுப் புதைத்துவிடுவார். வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் வண்டுக்காகப் போட்டதுதான் என்றாலும், அந்தப் பானைக்குள் துழாவிய பிள்ளைகளை மிளகாய் காட்டிக்கொடுத்துவிடும்; கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பார்கள். ஒரு கோடையில் கிணற்று மோட்டார் புகைந்தது. மோட்டாருக்குக் காயில் கட்டப் பணம் இல்லாமல் அப்புச்சி, அம்மாவின் அப்பா, திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

“மேக்காலத் தோட்டத்துல கேட்டுப் பாக்கறனுங்க,” என்று அம்மிச்சி வரப்பேறிப் போனார். உடனே திரும்பிவிட்டால் நம்பமாட்டார் என்று சாயங்காலம் வரை அங்கேயே பேசியிருந்துவிட்டு வந்தார். பணம் முந்தானையில் முடிந்தபடி காலையிலேயே வீட்டிலிருந்து போனதுதான். “மஞ்ச வித்ததீம் மொதல்ல இந்தக் கைமாத்தக் குடுத்தரோணுமுங்க. அவிய ஊட்லயும் கண்ணாலம் இருக்குது,” என்றார். மஞ்சள் விற்றதும் அப்புச்சி வட்டியோடு எண்ணிக் கொடுத்தார். அது மேற்குத் தோட்டம் வரை போய், இருட்டியதும் துவரம்பானைக்குத் திரும்பியது. அந்த வீட்டம்மாவுக்குத் தேவை வந்தபோது எங்கள் அம்மிச்சி கடன் கொடுத்தவர் வேடம் போட்டார். அப்புச்சிக்குத் தெரியாமலா இருந்திருக்கும் என்று மாமன்மார் இன்றும் வாதாடுகிறார்கள். தெரிந்திருக்கும் என்பதே என் கட்சி. தெரிந்தும் கேட்காமல் இருந்தால்தான் அடுத்த கோடைக்கும் பணம் கிடைக்கும் என்பது அவருக்கும் தெரியுமே.

பால் சொசைட்டி வந்தபின் இந்த வரும்படியில் பெரிய ஓட்டை விழுந்தது. பால் முழுக்க கேனில் ஏறிப் போனால் தயிர் ஏது, கடைந்து நெய் எடுப்பது ஏது? சொசைட்டியில் உறுப்பினர் பெயர் பல வீடுகளில் ஆணுடையது. பட்டுவாடாவும் அவர் கைக்கே வந்தது. வெண்மைப் புரட்சியைக் குறை சொல்வதற்கில்லை, வீட்டு வருமானம் கூடத்தான் செய்தது. அவள் பங்கு எது என்பதுதான் கலங்கிப் போயிற்று. 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் வேறொரு வாசலைத் திறந்தன. பானைக்குள் இருந்த பணம் பெயர் போட்ட பாஸ்புத்தகத்துக்கு வந்தது.

அப்படியும் பானைகள் காலியாகவில்லை என்பது 2016 நவம்பர் 8 இரவு தெரிந்தது. 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றதும், பருப்புக்கும் புடவை மடிப்புக்கும் நடுவே கிடந்தவை வெளியே வந்தாக வேண்டியதாயிற்று. வீட்டுப் பெண்கள் 2.5 லட்சம் ரூபாய் வரை வங்கியில் போட்டால் வருமான வரித்துறை துருவாது என்று மத்திய அரசே சொல்ல நேர்ந்தது. வரித்துறை கேட்காது, சரி. வரிசையில் பக்கத்தில் நின்ற கணவன் கேட்பானே!

2023 செப்டம்பர் 15 முதல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் விழத் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் யாரும் அதைச் சிறுவாடு என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆயிரம் ரூபாய் என்பார்கள், கவர்மெண்டுப் பணம் என்பார்கள். அத்தை முறையாகும் ஒருவர் அதைச் செலவழிக்காமல் சேர்த்து ஒரு பெட்டை வெள்ளாட்டுக்குட்டி வாங்கி, வாரத்துக்கு விட்டிருக்கிறார். அது ஈன்ற கிடாக்குட்டியை விற்று வந்த காசைத்தான், பேத்தி காதில் மட்டும், சிறுவாடு என்கிறார்.