வேர்ட்பிரஸ் தள நலம்

வேர்ட்பிரஸில் இயங்கும் இணையதளத்தின் நிலையைப் பரிசோதிக்கும் கருவி. 2019 மே மாதம் வெளியான 5.2 பதிப்பில் அறிமுகமானது. அடுத்த ஆண்டு, 5.4 பதிப்பில், நிர்வாக முகப்பிலும் இடம்பிடித்தது.

பிஎச்பி பதிப்பு பழையதா, ஹெச்டிடிபிஎஸ் இணைப்பு உண்டா, பின்னணிப் புதுப்பிப்புகள் நடக்கின்றனவா என்று சோதித்து, உடனே சரிசெய்ய வேண்டியவற்றையும் பரிந்துரைகளையும் தனித்தனியாகக் காட்டும்.

இதன் அருமையான நுட்பம் ‘தகவல்’ பகுதியில் இருக்கிறது. கோளாறு வந்ததும் சர்வர் விவரங்களை அப்படியே நகலெடுத்து, முன்பின் தெரியாதவருக்கும் அனுப்பி உதவி கேட்பவர்கள் ஏராளம். ஆகவே தரவுத்தளத்தின் பெயர், பயனர் பெயர், ஹோஸ்ட் ஆகியவை நிர்வாகியின் திரையில் தெரிந்தாலும், நகலெடுக்கும் பொத்தானை அழுத்தினால் விடுபட்டுவிடும். கடவுச்சொல்லோ திரைக்கே வராது.

திரையைப் படம்பிடித்து அனுப்பினால் இந்தக் காவல் பயனற்றது.

பிழைகளைப் பதிவு செய்யும்படி வேர்ட்பிரஸை அமைத்தால் உருவாகும் ‘டீபக்.லாக்’ கோப்பும் கவலைக்குரியது. வேறிடம் குறிப்பிடாதவரை, முகவரி தெரிந்த வெளியாரும் பல சர்வர்களில் திறந்து படிக்கக்கூடிய கோப்புறையில்தான் அது சேரும். தள நலம் எச்சரிக்கும். இடம் மாற்றுவது நிர்வாகியின் பொறுப்பு. சர்வரின் பிஎச்பி விவரங்களைக் காட்டச் சோதனைக்காக ஏற்றி, நீக்க மறந்த ‘பிஎச்பிஇன்ஃபோ’ பக்கம் இன்னும் மோசம்: சூழல் மாறிகளில் வைத்த ரகசியச் சாவிகள்கூட அதில் வெளிப்படலாம்.