கோழித் தீவனத்தில் கலந்த மருந்து

கிருமியைக் கொல்லும் மருந்து கால்நடையைக் கொழுக்கவும் வைக்கும் என்பது, வேறொன்றைத் தேடிய இடத்தில் கிடைத்த சேதி. 1948-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள பேர்ல் ரிவரில், லெடர்லே ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் இருவரும் தேடியது ஒரு மலிவான ஊட்டச்சத்தை. சோயாப் பிண்ணாக்கை மட்டும் நம்பி வளர்த்த குஞ்சுகள் சரியாகத் தேறவில்லை. கல்லீரல் சாறு சேர்த்தால் தேறின. சாற்றில் இருந்தது பி12 வைட்டமின் என்பது அந்த ஆண்டிலேயே தெளிவானது. ஆனால் பண்ணைக்காரருக்குக் கட்டுப்படியாகும் விலையில் கல்லீரல் சாறு கிடைக்காது.

லெடர்லேயின் கையில் அப்போது ஆரியோமைசின் இருந்தது. எழுபது வயதைத் தாண்டிய தாவரவியலாளர் பெஞ்சமின் டகர், மிசௌரி மண்ணிலிருந்து பிரித்த ஒரு நுண்ணுயிரி தந்த மருந்து அது. பெரிய தொட்டிகளில் அந்த நுண்ணுயிரியை வளர்த்து மருந்தை வடித்தெடுத்தபின் சக்கை மிஞ்சும். அதில் பி12-உம் இருந்ததால் குஞ்சுகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். எடை பார்த்தபோது, சக்கை தின்ற குஞ்சுகள் கல்லீரல் சாறு தின்ற குஞ்சுகளையும் முந்தியிருந்தன. வைட்டமின் மட்டும் காரணம் என்றால் இந்த வித்தியாசம் வர நியாயமில்லை. சக்கையில் ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சநஞ்ச மருந்துதான் எடையைக் கூட்டியிருந்தது.

1950 ஏப்ரலில் இச்செய்தி நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்துக்கு வந்தது. மறு ஆண்டே அமெரிக்க அரசு தீவனத்தில் கலக்க அனுமதி கொடுத்தது. டன் தீவனத்துக்குச் சில கிராம் போதும். நோய் தீர்க்கக் கொடுக்கும் அளவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. குறைந்த தீவனத்தில், குறைந்த நாளில் கோழியும் பன்றியும் விற்பனை எடைக்கு வந்தன. நெருக்கமாக அடைத்து வளர்க்கும் பெரிய கொட்டகைகளுக்கு இது தோதாக அமைந்தது. நோயில்லாத உயிருக்கு நாள்தோறும் மருந்து கொடுப்பதில் உள்ள விபரீதம் அன்றைய கணக்கில் ஏறவில்லை.

மனிதரையும் விட்டுவைக்கவில்லை. 1950-களின் நடுவில் அமெரிக்கக் கடற்படையில் புதிதாகச் சேர்ந்த ஆரோக்கியமான இளைஞர்களுக்குச் சில வாரங்கள் ஆரியோமைசினோ பென்சிலினோ கொடுத்துப் பார்த்தனர். வெற்று மாத்திரை தின்றவர்களைவிட அவர்கள் கூடுதலாக எடை போட்டார்கள். இந்த முடிவு ஆய்விதழோடு நின்றுபோனது.

மருந்து குடலில் என்ன செய்தது? 1963-ல் பிரிட்டனில் கிருமியே அண்டாத கூண்டில் குஞ்சுகளை வளர்த்துப் பார்த்தனர். அவற்றுக்குப் பென்சிலின் கொடுத்தும் கூடுதல் வளர்ச்சி இல்லை. ஆக, மருந்து நேராக உடலை வளர்க்கவில்லை. குடல்வாழ் பாக்டீரியாவை மாற்றியதன் வழியாகவே எடை கூடியது. உடல் எடையில் குடல் பாக்டீரியாவுக்குப் பங்குண்டு என்ற பாடத்தை மருத்துவத்துக்கு முன்பே தீவன வியாபாரம் படித்துவிட்டது எனலாம்.

இந்த வழக்கத்துக்கு முட்டுக்கட்டை போட்டது எடை பற்றிய கவலையல்ல. மருந்துக்கு அடங்காத கிருமிகள். 1969-ல் பிரிட்டனில் அரசு அமைத்த ஸ்வான் குழு இதைப் பற்றி எச்சரித்தது. 1986-ல் ஸ்வீடன் தடை விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006-ல் தடை வந்தது. மனிதருக்குக் கடைசிப் புகலாக வைத்திருக்கும் கொலிஸ்டின் மருந்தைக் கோழிகளுக்குக் கொடுப்பதை இந்தியா 2019-ல்தான் தடுத்தது.

பண்ணையின் பழைய கேள்வியை மருத்துவம் கையில் எடுத்தது 2000-க்குப் பிறகு. செயின்ட் லூயிஸில் ஜெஃப்ரி கார்டனின் குழு 2004-ல், கிருமியற்ற எலிகளுக்குச் சாதாரண எலிகளின் குடல் பாக்டீரியாவைச் செலுத்தியது. இரண்டே வாரத்தில், முன்னைவிடக் குறைவாகத் தின்றும், அவற்றின் உடல் கொழுப்பு ஏறக்குறைய 60 விழுக்காடு கூடியது. செரிக்காத நார்ப்பொருளைப் பாக்டீரியா உடைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக்கித் தருவதால், வீணாகக் கழியவேண்டிய ஆற்றலும் உடலில் சேர்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கங்களில் ஒன்று. 2013-ல் அதே குழு, ஒருவர் பருமனாகவும் மற்றவர் ஒல்லியாகவும் இருந்த இரட்டையரின் மலத்தைக் கிருமியற்ற எலிகளுக்குச் செலுத்தியது. பருமனானவருடையதைப் பெற்ற எலிகளே அதிகக் கொழுப்புச் சேர்த்தன. நியூயார்க்கில் மார்ட்டின் பிளேசரின் குழு, பண்ணை பாணியில் சிறு அளவு மருந்தை எலிக்குட்டிகளுக்குக் கொடுத்து, பிறந்தவுடன் தொடங்கினால் விளைவு பெரிது என்று காட்டியது.

வளர்ந்த மனிதரில் கணக்கு அவ்வளவு நேராக வரவில்லை. பிரான்சின் மார்செயில் இதய உட்சவ்வு அழற்சிக்கு வான்கோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து எடுத்த பெரியவர்களில் சிலருக்கு எடை கூடியதாக 2010-ல் தெரிந்தது. ஆனால் பல ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2016-ல் அலசியபோது, பருமனுக்கும் குடல் பாக்டீரியாவின் சேர்க்கைக்கும் இடையே பலவீனமான தொடர்பே தென்பட்டது. பாஸ்டனில் நடந்து 2020-ல் வெளியான இரு சோதனைகளில், ஒல்லியானவர்களின் மலத்தை மாத்திரையாக்கிப் பருமனான பெரியவர்களுக்குக் கொடுத்தனர். கொடையாளியின் பாக்டீரியா அவர்கள் குடலில் குடியேறியது, எடை குறையவில்லை.