பள்ளிக்குச் செல்லும் வழி

வட கல்கத்தாவில், ஹேதுவாக் குளத்தை அடுத்த விதான் சரணியில், பெத்தூன் பள்ளியும் கல்லூரியும் நிற்பதை நம் சங்கத்து அன்பர் பலரும் கண்டிருப்பர். முற்பகலில் அவ்வாயிலில் மாணவியர் திரள் திரளாய் நுழையும் காட்சியைக் காண்பார்க்கு, ஒரு காலத்தில் இப்பள்ளிக்கு ஒரு சிறுமி வந்து சேர்வதே அருஞ்செயலாக இருந்தது என்னும் எண்ணம் எழாது. யாம் புகைவண்டி இலாகாவில் எழுத்தராய்ப் பணிபுரிபவர். பள்ளி இறுதித் தேர்வுக்கு மேல் படித்தவர் அல்லேம். மக்கள் ஓரிடத்தினின்று மற்றோரிடத்துக்கு எவ்வாறு சென்று சேர்கின்றனர் என்பதே எம் அன்றாட அலுவல். ஆதலின் பெண் கல்வியின் வரலாற்றையும் அக்கண் கொண்டே பார்க்கின்றோம். பள்ளிக்கு ஒரு வீடு தேடுதல் எளிதாயிருந்தது. வீட்டு வாயிலுக்கும் பள்ளி வாயிலுக்கும் இடைப்பட்ட வழியே அரிதாயிருந்தது.

எழுத்தறிந்த பெண் கைம்பெண் ஆவாள் என்ற அச்சம் அன்றைய வங்கத்தில் பரவியிருந்ததை, வில்லியம் ஆடம் 1830களில் எழுதிய கல்வி அறிக்கைகளில் குறித்துள்ளார். அக்காலத்தில் ராஸசுந்தரி தேவி என்னும் இல்லத்தரசியார், கணவரின் சைதன்ய பாகவதச் சுவடியினின்று ஓர் ஏட்டை எடுத்து அடுக்களையில் மறைத்து வைத்தார்; மகன் எழுதிப் பழகிய பனையோலையை அதனோடு ஒப்பிட்டு ஒவ்வோர் எழுத்தாய்க் கற்றார். பின்னர்த் தம் வரலாற்றைத் தாமே வங்க மொழியில் எழுதி வெளியிட்டார். அவர் கற்ற பள்ளிக்கு வழியே வேண்டியிருக்கவில்லை. அஃது அடுப்பங்கரையிலேயே இருந்தது.

சியால்டாவிலிருந்து பனகாவ் செல்லும் தடத்தில் உள்ள பாராசாத்தில், 1847இல் பியாரி சரண் சர்க்காரும் மித்ர சகோதரரும் பெண்களுக்கென ஒரு பள்ளி தொடங்கி, ஊராரின் பகையைத் தேடிக்கொண்டனர். அதனைக் கண்டு வந்தவர்களுள் ஒருவர், கவர்னர் ஜெனரலின் சபையில் சட்ட உறுப்பினராயிருந்த டிரிங்க்வாட்டர் பெத்தூன். அவர் 1849ஆம் ஆண்டு மே 7ஆம் நாள், தட்சிணாரஞ்சன் முகர்ஜி அளித்த வீட்டில், 21 சிறுமியரோடு கல்கத்தாவில் ஒரு பள்ளியைத் திறந்தார். வடமொழிக் கல்லூரி ஆசிரியர் மதன்மோகன் தர்க்காலங்காரர் தம் புதல்வியர் புவனமாலாவையும் குந்தமாலாவையும் அனுப்பினார். ஊதியம் பெறாது தாமும் கற்பித்தார். சிறுவர்க்கென ஒரு பாடநூலும் எழுதினார். அதற்குக் கைம்மாறாக அவர் சமூகத்தார் அவரை விலக்கி வைத்தனர்.

தெருவில் நடந்து வரும் சிறுமியைப் பலர் பழிப்பர். ஆகவே பள்ளியே குதிரை வண்டி அனுப்பி மாணவியரை அழைத்து வந்தது. ஈசுவர சந்திர வித்யாசாகரர் 1850இல் பள்ளியின் செயலாளரானார். பெண்மகவையும் பேணிக் கற்பிக்க வேண்டும் என்னும் பொருளுடைய வடமொழி வாசகம் ஒன்று அவ்வண்டியின் பக்கங்களில் எழுதப்பெற்றது. சாத்திரத்தைக் காட்டித் தடுப்பாரைச் சாத்திரத்தைக் கொண்டே விலக்கி, வண்டி தெருவைக் கடந்தது. பாடப்புத்தகத்துக்கு முன் வண்டிப் பலகையில் எழுத வேண்டியிருந்தது என்பது எமக்குப் பெருவியப்பு.

பெத்தூன், புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய மறு ஆண்டே, 1851 ஆகஸ்டில், கல்கத்தாவிலேயே காலமானார். அதன்பின் டல்ஹவுசிப் பிரபு தம் கைப்பொருளைக் கொண்டு பள்ளியை நடத்தினார். 1856இல் அரசு ஏற்றுக்கொண்டது. எனினும் ஒன்றைச் சொல்லாது விடுதல் முறையன்று. அவ்வண்டி உயர்குல இந்துக்களின் வாயிலில் மட்டுமே நின்றது. அதற்கு ஓராண்டு முன்னரே, 1848இல், புனா நகரில் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் பெண்கள் பள்ளி தொடங்கியிருந்தனர். சாவித்திரிபாய்க்கு வண்டி இல்லை, நடந்தே சென்றார். வழியில் சாணமும் சேறும் எறிவார் இருந்தமையால், பள்ளியில் உடுத்துக்கொள்ள மாற்றுச் சேலை ஒன்றைக் கையில் கொண்டு சென்றார் என்பர்.

ஹேதுவாப் பள்ளியிலிருந்து கல்லூரி முளைத்தது. கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1878இல் பெண்களுக்குத் தேர்வு எழுத இடமளித்தது. 1883இல் காதம்பினி பாசுவும் சந்திரமுகி பாசுவும் பி.ஏ. பட்டம் பெற்றனர்.

இசுலாமியச் சிறுமியருக்கு அப்போதும் வழி திறக்கவில்லை. பாகல்பூரில் தொடங்கிய தம் பள்ளியை பேகம் ரொக்கையா 1911இல் கல்கத்தாவுக்குக் கொணர்ந்தார், மாணவியர் எண்மர். இங்கும் வண்டியே வழக்காயிற்று. பள்ளிக்கென வாங்கிய மோட்டார் பஸ்ஸை, பர்தாவின் பொருட்டு நாற்புறமும் அடைத்திருந்தனர். காற்றுக்கென மேலே சிறிது வலை மட்டும் இருந்தது. அவ்விருளில் சிறுமியர் மயங்கி வீழ்ந்தனர்; வாந்தி எடுத்தனர். அடைப்பை நீக்கித் திரைச்சீலை தொங்கவிட்டார் ரொக்கையா. காற்றில் திரை அசைகின்றது, பர்தா கெட்டது, பத்திரிகையில் எழுதுவோம் என்று மிரட்டல் கடிதங்கள் வந்தன. 1931இல் வெளியான தம் நூலொன்றில் இதனை அவர் நகைச்சுவையோடு எழுதியுள்ளார். படிப்பார்க்கு நகை வரும், பின் மூச்சடைக்கும். அடைத்தால் பிள்ளைகள் மயங்குவர், திறந்தால் ஊர் சினக்கும் என்ற நிலையிலும், 1932இல் மறையும்வரை அவர் அப்பள்ளியைக் கைவிடவில்லை.

இது பழங்கதை என்று தள்ளுவதற்கில்லை. 2012 அக்டோபர் 9ஆம் நாள் பாகிஸ்தானின் சுவாத் பள்ளத்தாக்கில் மலாலா யூசுப்சாய் சுடப்பட்டது, பள்ளியினின்று திரும்பும் வண்டிக்குள்தான். ஆப்கானிஸ்தானத்தில் 2021 முதல் ஆறாம் வகுப்புக்கு மேல் சிறுமியருக்குப் பள்ளிவாயில் அடைபட்டது. நம் அண்டை மாநிலமாகிய பீகாரிலோ 2006இல் அரசு ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு மிதிவண்டி அளிக்கத் தொடங்கியது. உயர்நிலைப் பள்ளியில் சேரும் சிறுமியரின் தொகை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தது என்றும், பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஊர்களில் பயன் மிகுதி என்றும் ஆய்ந்தோர் கண்டனர்.

அச்செய்தியைப் படித்த அன்று எமக்கு எம் தமக்கையாரின் நினைவு வந்தது. எம் ஊரில் எட்டாம் வகுப்புவரைதான் உண்டு. உயர்நிலைப் பள்ளி ஆறு கிலோமீட்டர் தொலைவு, இடையே ஆற்றுமணல். அவர் வகுப்பில் முதலாவதாகத் தேறியவர், எட்டாவதோடு நின்றார். யாம் அவ்வகுப்பை முடித்தபோது தந்தையார் மிதிவண்டி வாங்கினார். இரண்டாண்டு தாழ்த்து வாங்கிய அவ்வண்டியை நாள்தோறும் விடியலில் துடைத்து வாயிலில் நிறுத்தியவர் எம் தமக்கையார்தான். அப்போது அதனை யாம் ஒரு பொருட்டாக எண்ணவில்லை.

நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பு இரவு எட்டு மணிக்கு முடிகின்றது. சிறு வகுப்பில் சிறுமியர் பலர் உளர். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் இருவரே, அவர்தம் இல்லங்களும் சங்கக் கட்டடத்தின் அடுத்த தெருவில் உள்ளன. வகுப்பைக் காலை ஒன்பது மணிக்கு மாற்றுமாறு செயற்குழுவுக்கு விண்ணப்பம் அளித்துள்ளோம். ஒப்பமிட விழையும் பெற்றோர் விழா மண்டப நுழைவாயிலில் எம்மைக் காணலாம்.