ஆளத் தக்க கட்சி எது?



என் பாட்டனார் காரைக்கால் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் குத்தகை நிலம் பயிரிட்டு வாழ்ந்தவர். பிரெஞ்சுக்காரர் ஆண்ட நாளில், ஒரு தேர்தலன்று, சலவை வேட்டி உடுத்தி, நெற்றி நிறைய நீறு பூசி, வாக்களிக்கச் சென்றாராம். வாயிலில் நின்ற ஒருவர், "உம்முடைய வாக்கு விடியற்காலையிலேயே விழுந்துவிட்டது, வெயிலில் நில்லாமல் வீடு போய்ச் சேரும்" என்றாராம். பாட்டனார் மறுசொல் பேசாமல் திரும்பிவிட்டார். எத்தனையோ முறை இதனை எங்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். அச்சிரிப்பு மகிழ்ச்சியால் வந்ததன்று என்பது, நான் வரலாறு கற்பிக்கும் ஆசிரியனான பின்னரே எனக்கு விளங்கிற்று.

இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் "ஆளத் தக்க கட்சி எது?" என்னும் வினா. இன்ன கட்சிக்கு வாக்களியுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. இவ்வினாவை ஒரு குடிமகன் உண்மையாகக் கேட்பதற்கு முன்னர் எவையெவை அமைந்திருக்க வேண்டும் என்பதைக் காரைக்காலின் வரலாற்றைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

இவ்வினாவை நெடுங்காலமாகக் கேட்டுப் பழகிய நாடுகளுள் ஒன்று இங்கிலாந்து. அங்கே 1945ஆம் ஆண்டில் நடந்தது சிந்திக்கத் தக்கது. இரண்டாம் உலகப் போரில் அந்நாட்டை வழிநடத்தியவர் கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவர் சர்ச்சில். ஜெர்மனி பணிந்து மூன்று திங்கள் நிறைவதற்குள் தேர்தல் முடிவு வெளியாயிற்று. தொழிற்கட்சி 393 இடங்களைப் பெற்றது. அட்லி தலைமை அமைச்சரானார். அந்நாட்டு மக்கள் சர்ச்சிலின் தொண்டினை மறந்தாரல்லர். போரில் காத்தவருக்குச் செலுத்தும் நன்றி வேறு, அமைதிக் காலத்தில் வீடும் வேலையும் மருத்துவமும் அளிக்க வேண்டிய பொறுப்பு வேறு எனப் பிரித்து எண்ணினர். அட்லியின் ஆட்சியிலேதான் 1947இல் இந்திய விடுதலைச் சட்டம் நிறைவேறிற்று. 1951இல் சர்ச்சில் மீண்டும் தலைமை அமைச்சரானார். அத்தேர்தலில் தொழிற்கட்சி பெற்ற வாக்குகள் மிகுதி, இடங்களோ குறைவு. எனினும் தோற்றவர் பதவி விட்டு இறங்கினர், வென்றவர் பொறுப்பேற்றனர்.

இனிக் காரைக்காலுக்கு வருவோம். அரசலாறு கடலொடு கலக்கும் இவ்வூர் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. அப்பகுதியின் பரப்பு ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர். கிழக்கே வங்கக் கடல். மற்ற மூன்று புறமும் ஆங்கிலேயர் ஆண்ட தஞ்சை மாவட்டம். தலைநகரான புதுச்சேரியோ வடக்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது.

உங்களுக்கு வியப்பூட்டும் செய்தி ஒன்று உண்டு. வயது வந்த ஆடவர்க்கு வாக்குரிமை இங்கே 1848ஆம் ஆண்டுப் புரட்சியின் பயனாக வந்து, இடையில் பறிபோய், 1871இல் மீண்டும் கிடைத்தது. எல்லைக்கு அப்பால் நாகப்பட்டினத்திலும் நன்னிலத்திலும் இருந்த உழவனுக்கு அந்நாளில் வாக்கு என்னும் சொல்லே தெரியாது. 1920இல் சென்னை மாகாணத்தில் தேர்தல் நடந்து நீதிக்கட்சி ஆட்சி ஏற்றபோதுகூட, சொத்தும் வரியும் உடையோர்க்கே வாக்கு இருந்தது. அனைவர்க்கும் வாக்கு என்பது அவ்வுழவனின் பேரனுக்கு 1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில்தான் கிடைத்தது. ஆக, ஒரே வாய்க்காலின் இருகரையிலும் நின்ற இரு உழவர்களுக்கிடையே எண்பது ஆண்டு இடைவெளி!

அவ்வாறாயின் காரைக்கால் உழவன் எண்பது ஆண்டு முந்திக்கொண்டு தன் ஆட்சியைத் தானே தேர்ந்தெடுத்தானா? இல்லை. அதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, வாக்குகள் சமமாக இல்லை. 1884இல் வாக்காளர் மூன்று பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டனர். ஐரோப்பியரும் அவர்தம் வழியினரும் ஒரு பட்டியல். தம் குல வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற இந்தியர் மற்றொரு பட்டியல். ஏனைய மக்கள் அனைவரும் மூன்றாம் பட்டியல். 1899இல் அவை இரண்டாகக் குறைந்தன. சில நூறு பெயர்களைக் கொண்ட பட்டியலும் பல்லாயிரம் பெயர்களைக் கொண்ட பட்டியலும் சமமான எண்ணிக்கையில் உறுப்பினர்களை அனுப்பின. என் பாட்டனாரின் வாக்கு ஒழுங்காக விழுந்திருந்தாலும் அதன் எடை எவ்வளவு என்று நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். இப்பிரிவினை இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னரே நீங்கிற்று. பெண்களுக்கும் அப்போதுதான் வாக்கு வந்தது.

இரண்டாவது, வாக்கினால் ஆட்சி மாறவில்லை. பாரிசு நாடாளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினரை அனுப்பும் உரிமை பிரெஞ்சிந்தியாவுக்கு இருந்தது. நெடுங்காலம் அவ்விடத்தில் பிரெஞ்சுக்காரர்களே அமர்ந்தனர். புதுச்சேரியில் பொதுமன்றம் ஒன்று இருந்தது. காரைக்கால், கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் ஆகிய ஆறு கொம்யூன்களுக்கும் மன்றங்கள் இருந்தன. ஆனால் ஆளுநர் பாரிசிலிருந்து வந்தார். தேர்தலில் எவர் வென்றாலும் அவர் மாறப்போவதில்லை. ஆளும் பொறுப்பே இல்லாத இடத்தில் ஆளத் தக்கவர் யார் என்று எப்படி வழக்காடுவது? ஆகவே கட்சிகள் கொள்கையைச் சுற்றி வளராமல், பெரிய மனிதர் ஒருவரின் பெயரைச் சுற்றி வளர்ந்தன.

மூன்றாவது, அச்சமும் பொய்யும். என் பாட்டனார் கதை அவர் ஒருவருடைய கதை அன்று. பிரெஞ்சிந்தியத் தேர்தல்கள் அடியாட்களுக்கும் கள்ள வாக்குக்கும் பெயர்போனவை. 1951இல் பாரிசுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தபோது, வென்றவருக்கு ஏறத்தாழ 90,000 வாக்குகள் பதிவாயின. எதிர்த்து நின்றவர்களுக்குச் சில நூறே. அவ்வளவு பெரிய மக்கட்கூட்டத்தில் மாறுபட்டு எண்ணியவர் சில நூறு பேரே என்று நம்ப முடியுமா? எல்லாரும் ஒரே பக்கம் என்று ஏடு சொல்லுமாயின், அவ்வூரில் விவாதம் நடக்கவில்லை என்பதே அதன் பொருள்.

இதன் விளைவு பெரிது. இந்தியாவோடு சேர்வதா என்பதை மக்களே வாக்களித்து முடிவு செய்யலாம் என 1948இல் இரு அரசுகளும் உடன்பட்டன. சந்திரநாகூர் மக்கள் 1949இல் அவ்வாறு வாக்களித்தனர்: இந்தியாவின் பக்கம் 7,473, எதிராக 114. ஆனால் தென்பகுதிகளில் வாக்கெடுப்பு அச்சமின்றி நடக்கும் என்னும் நம்பிக்கை இந்திய அரசுக்கு இல்லாமற் போயிற்று. முடிவில், 1954ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள், புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் உறுப்பினர்கள் 178 பேர் கீழூரில் கூடினர். இணைப்புக்கு ஆதரவாக 170 பேரும், எதிராக 8 பேரும் வாக்களித்தனர். நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. முடிவு நல்ல முடிவே. ஆயினும் காரைக்காலில் வாழ்ந்த தனி ஒருவன் தன் கையால் சீட்டிட்டு அதனைச் சொல்லும் வாய்ப்பைப் பெறவில்லை. நாணயமற்ற தேர்தல்களுக்கு நாம் கொடுத்த விலைகளுள் அதுவும் ஒன்று.

1955இல் 39 இடங்களுக்குத் தேர்தல் நடந்தது. அவற்றுள் 12 காரைக்காலுக்கு உரியவை. காங்கிரசும் மக்கள் முன்னணியும் எதிரெதிரே நின்றன. 1963 ஜூலை 1ஆம் நாள் ஒன்றியப் பகுதிக்குரிய சட்டமன்றமும் அமைச்சரவையும் அமைந்தன. இப்போது வாக்குக்கும் ஆட்சிக்கும் தொடர்பு உண்டாயிற்று, "ஆளத் தக்க கட்சி எது?" என்னும் வினாவுக்கும் உயிர் வந்தது.

அவ்வினா விவாதிக்கப்படுவதை நான் முதன்முதலில் காதாரக் கேட்டது 1974இல். எனக்கு அப்போது வயது பதினான்கு. அரசலாற்றங்கரையில் ஒரு தேநீர்க் கடை. நாளிதழைச் சுற்றி ஏழெட்டுப் பேர். மளிகைக் கடை வைத்திருந்த இசுலாமியப் பெரியவர் ஒருவர், "கட்சி எதுவானாலும் நம் ஊர் ஆள் முதல்வராக வரட்டுமே" என்றார். உழவர் ஒருவர், "ஆள் நம்மூர் ஆளாக இருந்து என்ன பாய்? கடைமடைக்குத் தண்ணீர் கொண்டுவர அவர் கட்சிக்கு வழி தெரியுமா? அதைச் சொல்லுங்கள்" என்றார். குரல்கள் உயர்ந்தன. ஆனால் இருவர் குவளைக்கும் காசு கொடுத்தவர் அந்தப் பாய்தான். நான் வாயிற்படியில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். வாங்க வந்த வெல்லத்தை மறந்து வீடு திரும்பி அடியும் பட்டேன்.

அத்தேர்தலில் 30 இடங்களுள் அ.தி.மு.க. 12 இடங்களையும், அதன் தோழமைக் கட்சியான இந்தியக் கம்யூனிஸ்டு 2 இடங்களையும் பெற்றன. காரைக்காலைச் சேர்ந்த எஸ். இராமசாமி மார்ச் 6ஆம் நாள் முதலமைச்சரானார். அ.தி.மு.க. முதன்முதலாக ஆட்சி அமைத்தது சென்னையில் அன்று, புதுச்சேரியிலேதான். ஆனால் பெரும்பான்மைக்கு இடம் போதவில்லை. மார்ச் 28ஆம் நாள் அவ்வாட்சி முடிந்தது. பின்னர் 1977 ஜூலை வரை, மூன்றாண்டுக்கு மேலாக, மக்கள் தேர்ந்தெடுத்த அரசே இல்லை. 1977இல் மக்கள் மீண்டும் வாக்களித்தனர். அதே இராமசாமி மீண்டும் முதல்வரானார். அவ்வாட்சியும் 1978 நவம்பரில் முடிந்தது. எம்.ஓ.எச். பரூக்கும் காரைக்காலில் பிறந்தவரே. அவர் 1967இல் காங்கிரசு முதல்வர்; 1969இல் தி.மு.க. முதல்வர், 1985இல் மீண்டும் காங்கிரசு முதல்வர். தேநீர்க் கடைப் பெரியவர் எழுப்பிய "ஆளா, கட்சியா?" என்னும் வினா எளிதானதன்று என்பதை இவை காட்டுகின்றன. எந்த ஆளும் கட்சியின் துணையின்றி ஆள முடியாது. எந்தக் கட்சியும் தக்க ஆளின்றி ஆள முடியாது.

உழவர் கேட்ட வினாவையும் விட்டுவிடலாகாது. 2007இல் காவிரி நடுவர் மன்றம் புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கு 7 டி.எம்.சி. நீர் ஒதுக்கிற்று, 2018இல் உச்சநீதிமன்றமும் அவ்வளவினை மாற்றவில்லை. அந்நீர் கருநாடகத்தையும் தமிழ்நாட்டையும் கடந்தே காரைக்கால் வயலுக்கு வரவேண்டும். எனவே ஒரு கட்சி "தண்ணீர் தருவோம்" என்று சொல்லும்போது, "அது உங்கள் அதிகாரத்துக்குள் உள்ளதா? இல்லையெனில் யாரிடம் பேசி, எவ்வாறு பெறுவீர்கள்?" என்று கேட்க வேண்டும். சொன்னதைச் செய்தார்களா என்று கேட்பதற்கு முன், செய்யக் கூடியதைத்தான் சொன்னார்களா என்று கேட்பது நல்ல வாக்காளனின் கடமை. 1945இல் இங்கிலாந்து மக்கள் கேட்டதும், 1974இல் அந்த உழவர் கேட்டதும் அடிப்படையில் ஒன்றே: இனிச் செய்யவேண்டிய பணிக்குத் தக்கவர் யார்?

ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் பல தேர்தல்களில் வாக்குச்சாவடிக்குத் தலைமை அலுவலனாகச் சென்றிருக்கிறேன். வாக்குப்பதிவு தொடங்குமுன் பெட்டியைக் கவிழ்த்து, அது வெறுமையாயிருப்பதை எல்லாக் கட்சி முகவர்களுக்கும் காட்டி முத்திரையிடுவோம். ஒருமுறை முதியவர் ஒருவர் வந்தார். அவர் பெயரில் யாரோ முன்னரே வாக்களித்துவிட்டிருந்தனர். முதியவர் ஒன்றும் பேசாமல் திரும்பலானார். எனக்கு என் பாட்டனாரைக் கண்டது போலிருந்தது. "நில்லுங்கள் ஐயா" என்று அழைத்தேன். அவர்தாம் உண்மையான வாக்காளர் எனத் தெளிந்தபின், விதிப்படி அவருக்குத் தனிச் சீட்டுக் கொடுத்து, வாக்கைப் பெற்றுத் தனி உறையில் வைத்தேன். அவ்வாக்குப் பொது எண்ணிக்கையில் சேராது. வழக்கு வந்து நீதிமன்றம் ஆணையிட்டாலே எண்ணப்படும். ஆயினும் அவர் வந்தார், கேட்டார், வாக்களித்தார் என்பதற்கு ஏட்டில் சான்று நின்றது.

மாணவர்களே, நாளை நீங்கள் பதினெட்டு வயது நிறைந்து வாக்குச்சாவடிக்குச் செல்வீர்கள். எக்கட்சி தக்கது என்று நண்பரோடு வழக்காடுங்கள்; தேநீருக்குக் காசும் கொடுங்கள். யாரேனும் உங்களை நோக்கி "உம்முடைய வாக்கு விழுந்துவிட்டது" என்று சொன்னால், திரும்பி வந்துவிடாதீர்கள்.